ஹில்டிங் பிடிக்காத மீன்

ஏரியில் பனிக்கட்டி கரைந்த அன்றே ஹில்டிங் முடிவு கட்டிவிட்டார். இந்த வசந்தத்தில் படகை இறக்கியே தீருவது. அதுவும் மனைவி எல்வீராவுக்குத் தெரியாமல்.

போன இலையுதிர் காலத்தில் அவருக்கு இதயத்தில் ஆபரேஷன் நடந்தது. அதிலிருந்து எல்வீரா அவரை ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்க விடுவதில்லை. ஆயுசு முழுக்கத் துடுப்புப் பிடித்த கையில் துடைப்பத்தைக் கொடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை, காபி குடிக்கும்போது மெல்ல ஆரம்பித்தார்.

"விதைக்கிழங்கு வாங்கலையா?"

"ஜன்னலோரம் முளை விட்டுக்கிட்டிருக்கே, கண்ணு தெரியலையா?"

"அப்போ பூச்செடி வாங்கலாமே. டவுன்ல நாற்றுப் பண்ணை திறந்துட்டாங்களாம்."

எல்வீரா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "கல்யாணத்தன்னைக்கே பூ வாங்க மறந்த ஆளு நீ."

"வயசானா புத்தி வரும்."

"உனக்கு ரொம்பத்தான் வந்திருக்கு." கார்ச் சாவியை எடுத்தாள். "பனிக்கால டயரையும் மாத்திட்டு வந்துடறேன். சாயங்காலம் ஆயிடும்."

கார் வளைவில் மறைந்ததும் ஹில்டிங் வேலிப்பக்கம் ஓடினார். ஓடக்கூடாது என்பது ஞாபகம் வந்து, நடந்தார். பக்கத்து வீட்டு ஆல்கோட் டிராக்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"படகை ஏரி வரைக்கும் இழுத்து விடணும், ஆல்கோட்."

"எல்வீராவுக்குத் தெரியுமா?"

"அவதான் அனுப்பினா."

"அப்படியா" என்றார் ஆல்கோட். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படகை இழுத்து வந்து தண்ணீரில் விட்டார். மிதவைச் சட்டையையும் அவரே மாட்டிவிட்டார். அந்த ஊரிலேயே அதிகம் கேள்வி கேட்கிற மனிதர் அவர். ஹில்டிங்குக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

துடுப்பைப் போட்டதும் உலகமே மறந்துபோயிற்று. கரையில் பிர்ச் மரங்கள் துளிர்விட்டிருந்தன. நாணலோரம் தூண்டிலை வீசினார். பசியும் பல்லுமாகப் பதுங்கியிருந்த யெட்டா என்கிற பெரிய வேட்டை மீன் ஒன்று கவ்வி, படகையே சுற்றவைத்தது. ஒருவழியாக அதை உள்ளே இழுத்துப் போட்டதும் ஹில்டிங்குக்குக் கண்ணில் நீர் முட்டியது. இந்த ஏரியை இனிமேல் பார்ப்போமா என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி எத்தனை ராத்திரி நினைத்திருப்பார்.

ஆனால் மீனை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதே. கரையிலேயே காத்திருந்த ஆல்கோட்டிடம் நீட்டினார்.

"நீ வச்சுக்க. வீட்டுக்குப் போனா இது வாயைத் திறந்து என்னைக் காட்டிக் கொடுத்துடும்."

சாயங்காலம் சாப்பாட்டு மேசைக்கு வந்தவர் திகைத்து நின்றார். உருக்கிய வெண்ணெயில் மினுமினுத்துக்கொண்டு தட்டு நிறைய மீன். மேலே துருவிய காரமுள்ளங்கி.

"ஏது இது?"

"ஆல்கோட் பிடிச்சானாம்."

இன்னும் ஒரு வாய்கூடத் தின்னவில்லை, அதற்குள் ஹில்டிங்கின் தொண்டையில் முள் சிக்கிக்கொண்டது.

"ஆல்கோட்டா?"

"ஏன், அவனுக்குக் கை இல்லையா? தூண்டிலைப் போட்ட உடனே வந்துடுச்சாம்."

"உடனேவா?"

"சோப்ளாங்கி மீனாம். தூங்கிக்கிட்டே வந்துச்சாம்."

"தூங்கிக்கிட்டா? அது என்னோட எவ்வளவு நேரம் மல்லுக்கட்டுச்சு தெரியுமா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவர் காதிலேயே விழுந்தது.

எல்வீரா நடுத்துண்டாகப் பார்த்து எடுத்து, முள் நீக்கி, அவர் தட்டில் வைத்தாள். பிறகு அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நெஞ்சு வலிச்சுதா?"

"இல்லை."

"மூச்சு வாங்குச்சா?"

"இல்லை, எல்வீரா."

பிடித்த கையை அவள் விடவில்லை. காரமுள்ளங்கி கண்ணை எரிக்கிறது என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீ படகுல போகலாம்னு டாக்டர் போன வாரமே சொல்லிட்டாங்க" என்றாள் ஜன்னலைப் பார்த்தபடி. "கரையை விட்டு நகராம உன்னைப் பாத்துக்கச் சொல்லி ஆல்கோட்டை நிறுத்தி வச்சதே நான்தான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா, துடுப்பை நானே போட்டிருப்பேன். நீ ராஜா மாதிரி உக்காந்து வந்திருக்கலாம்."