மச்சானின் எஞ்சினுக்கு நான் மீட்டர் பூட்டிய கதை

டீசல் எஞ்சினைப் பற்றி ஒரு தடித்த புத்தகத்தை முழுவதும் படித்தவன் நான். பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்த குற்றத்துக்கு அதுதான் முதற் காரணம். துறைமுகத்துக் கந்தோரில் கோப்புக் கட்டுகிறவனுக்கு அந்தப் படிப்பு எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால், சிவத்தின் ஐஸ் அறை பிழைத்திருக்கும்.

சிவம் என் மனைவியின் தம்பி. உப்புவெளியில் மீன் வைக்கும் ஐஸ் அறை நடத்தினான். நாள்தோறும் மணிக்கணக்காகக் கறண்ட் வெட்டிய அந்த வருடத்தில், அவன் பிழைப்பு முழுவதும் ஒரு பழைய ஜெனரேற்றரை நம்பித்தான் இருந்தது. அது கூடுதலாகச் சூடேறுகிறது என்று ஒருநாள் சொன்னான். சொன்னது கிண்ணியா மெக்கானிக் றஹீம் நானாவிடம். பக்கத்தில் நின்ற நான் எனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.

"சனிக்கிழமை வந்து பாக்கிறன்," என்றார் நானா.

"சனி வரைக்கும் ஏன் காத்திருக்கோணும்? ஒயிலின்ர சூட்டைக் காட்டுற மீட்டர் ஒண்டு பூட்டினால் எல்லாம் தெரிஞ்சிடும்," என்றேன், அவர் போனபிறகு.

"நானா வரட்டுமே அத்தான்."

"வெள்ளிக்கிழமை நல்ல நேரம் இருக்கு." (புத்தகத்தோடு பஞ்சாங்கமும் படிப்பவன்.)

வெள்ளி காலை, எஞ்சினுக்கு அடியில் ஒயில் வடிக்கும் ஆணியைக் கழற்றி, ஒயில் முழுவதையும் மனைவியின் பேசினில் இறக்கினேன். ஆணி இருந்த துளையில் மீட்டரின் சென்சரை முறுக்கினேன். வயர் இழுத்தேன். நிமிர்ந்தால் மணி பத்து இருபது. பத்தரைக்கு ராகுகாலம்!

கறண்ட் போவது பன்னிரண்டரைக்குத்தான். ஆறுதலாகத் தேநீர் குடித்துவிட்டுக்கூடத் தொடங்கியிருக்கலாம். நானோ தேங்காய் உடைத்தேன், கற்பூரம் கொளுத்தினேன், மீட்டரின் கண்ணாடிக்கு முள்ளை மறைக்காமல் சந்தனப் பொட்டு வைத்தேன்.

"எல்லாம் சரியோ அத்தான்?" ஐஸ் அறை வாசலில் நின்று சிவம் கேட்டான். உள்ளே இறக்கக்கண்டிக் கரையின் மூன்று வள்ளங்கள் பிடித்த மீன், பின்னேர லொறிக்காகக் காத்திருந்தது.

"ஓம், எல்லாம் சரி."

எஞ்சின் உறுமியது. ஐஸ் அறையின் பாரத்தையும் அதன் தலையில் போட்டேன். மீட்டர் முள் அடிக்கோட்டைவிட்டு அசையவில்லை.

"பார் சிவம், ஒயில் எப்பிடிக் குளிர்ந்து கிடக்குது!"

அவனும் சிரித்தான். என்னை நம்பிச் சிரித்த சிரிப்பு அது.

தேநீரோடு வந்த மனைவி கீழே பார்த்தாள். "இந்தப் பேசினில கிடக்கிற ஒயில் ஆருக்கு?"

நான் வாய் திறப்பதற்குள் எஞ்சின் பதில் சொன்னது. ஓர் அலறல், ஒரு குலுக்கல், பிறகு ஒன்றுமில்லை. முள் அப்போதும் அசையவில்லை.

பன்னிரண்டரைக்குக் கறண்ட் போனது. லொறியோ டீசல் வரிசையில் சிக்கி மறுநாள்தான் வந்தது. றைவர் அறைக் கதவைத் திறந்தார், மூக்கைப் பொத்தினார், போய்விட்டார்.

அதற்கு முன்பே, சொன்னபடி சனி காலையில் வந்த நானா எஞ்சினைப் பிரித்துப் பார்த்திருந்தார். என்னை இரக்கத்தோடு பார்த்தார். "உங்கட மீட்டர் பொய் சொல்லேல்ல ஐயா. இல்லாத ஒயிலுக்கு எப்பிடிக் காய்ச்சல் வரும்?"

அன்று மாலை சிவத்தோடு இறக்கக்கண்டிக்குப் போனேன். "எஞ்சின் பழசு அண்ணை, நிண்டுட்டுது," என்று வள்ளக்காரரின் மூன்று வீடுகளிலும் ஒரே கதையைச் சொன்னான். மூன்று வீட்டு வாசலிலும் நான் பின்னால் நின்று தலையாட்டினேன்.

இப்போதும் நான் சைக்கிளைத் தொட்டாலே, "ஒயில் விட்டாச்சோ?" என்று குசினிக்குள்ளிருந்து மனைவியின் குரல் வரும். வீடே சிரிக்கும். சிவம் மட்டும் சிரிக்கமாட்டான். பாவம், இரண்டு வருடம் இன்னொருவரின் ஐஸ் அறையில் கூலிக்கு நின்றவன்.

இந்த வருடம் அவன் வேறோர் எஞ்சின் வாங்கினான். தொடக்க நாளன்று தேங்காயும் கையுமாகப் போனேன். அந்த மூன்று வள்ளக்காரரும் வந்திருந்தார்கள். இன்றாவது உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று தொண்டையைச் செருமினேன்.

சிவம் மெதுவாகத் தேங்காயை என் கையிலிருந்து வாங்கி, மூலையில் கிடந்த பிளாஸ்டிக் கதிரையைக் காட்டினான்.

"அதில இருங்கோ அத்தான். இந்த எஞ்சினுக்கு உங்களை இன்னும் தெரியாது. அப்பிடியே இருக்கட்டும்."