மூன்றாவது மரத்தடியில்தான் விழுந்தது

பொழுதுபோக்குக்காகச் சின்ன ராக்கெட் செய்து விடுகிறவர்களில் பல இனங்கள் உண்டு. பசை காய்வதற்குள் மோட்டாரைச் செருகிக்கொண்டு மைதானத்துக்கு ஓடுகிறவர், பெட்டியோடு வந்த குறிப்புத்தாளை ராக்கெட் உடைந்த பிறகு முதல்முறையாகப் படிக்கிறவர், ஐந்திலிருந்து கீழே எண்ணச் சொன்னால் மூன்றிலேயே பொத்தானை அழுத்திவிடுகிறவர். இவர்களையெல்லாம் நீங்கள் மன்னித்துவிடலாம். இங்கே சொல்லவந்தது சுட்டுவிரல்காரரைப் பற்றி. ராக்கெட் எங்கே விழுந்தது என்று அவருக்குத் தெரியும். உங்களுடையது, என்னுடையது, நேற்றுச் சேர்ந்தவருடையது, எதுவானாலும் தெரியும்.

கேன்சஸில், டுவேன் ஷ்ராக்கின் மேய்ச்சல் நிலத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை கூடும் எங்கள் சங்கத்தில் அந்தப் பதவியை வகிப்பவர் ஆர்லன் பென்னர். தேர்தல் எதுவும் நடக்கவில்லை. தானியக் கிடங்கில் முப்பத்தோரு வருடம் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் மறுவாரமே சங்கத்தில் சேர்ந்தார், சேர்ந்த அன்றே விரலை நீட்டினார், பன்னிரண்டு வருடமாக மடக்கவில்லை.

அட்டைக் குழாய் ராக்கெட் ஒன்று சீறிக்கொண்டு மேலே போய், புள்ளியாகி, மூக்குக் கூம்பைத் துப்பி, பாராசூட்டை விரித்து, காற்று இழுத்த பக்கமெல்லாம் ஆடி அசைந்து, கடைசியில் தூரத்துக் கோதுமை வயலில் எங்கேயோ மறைகிறதல்லவா, அந்தக் கணத்தில் பாருங்கள். மற்றவர்கள் "அடடா" என்பார்கள். ஆர்லனோ இடது கண்ணை மூடி, வலது கையை நீட்டி, அப்படியே உறைந்துவிடுவார். "யாரும் என்கிட்ட பேசாதீங்க. கோடு புடிச்சிருக்கேன்." ராக்கெட்டின் சொந்தக்காரர் அந்தக் கோட்டின்மேல் நடந்துபோக வேண்டும். தேடல் முடியும்வரை கை இறங்காது. காபியை இடது கையில் கொடுக்க வேண்டும். ரொட்டியை வாயில் வைத்தும் கொடுத்திருக்கிறார்கள்.

கோடு சரியாகவே இருக்கும், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தப்பாக இருப்பது தூரம். அவர் வேலியோரம் என்றால் வேலியைத் தாண்டி அதே அளவு தூரத்தில் கிடக்கும். குட்டைக்கு இந்தப்பக்கம் என்றால் குட்டைக்கு அந்தப்பக்கம். இது எல்லோருக்கும் தெரியும், ஆர்லனுக்குத் தவிர. பள்ளிப் பேருந்து ஓட்டும் லூயெல்லாதான் சங்கத்தில் மூத்தவள். புதிதாகச் சேர்கிறவர்களிடம் உறுப்பினர் அட்டையைக் கொடுக்கும்போது காதோடு சொல்லிவிடுவாள்: "ஆர்லன் எவ்வளவு தூரம் சொல்றாரோ அதை ரெண்டால பெருக்கிக்கோங்க. அவர்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க." ஆகவே ராக்கெட்டுகள் கிடைத்தன. கிடைத்த ஒவ்வொன்றுக்கும் ஆர்லன் தலையாட்டிக்கொண்டார். இப்படி நடந்துகொண்டே இருந்தால் ஒருவர் தன்னைப்பற்றி என்ன நினைத்துக்கொள்வார்? நீங்களே சொல்லுங்கள்.

விரலை இத்தனை பேருக்கு நீட்டியவர் தன்னுடைய ராக்கெட் ஒன்றையும் விட்டதில்லை. அவருடையவை அலமாரியில் நிற்கும். குறிப்புத்தாள் ஒரு மாலை வேலை என்று சொல்லும் ராக்கெட்டுக்கு அவர் ஐந்து மாதம் எடுத்துக்கொள்வார். குழாயின்மேல் சுற்றிச் சுற்றி ஓடும் மெல்லிய பள்ளத்தைப் பட்டி வைத்து அடைப்பார், உப்புத்தாளால் தேய்ப்பார், ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார், உங்களுக்கும் எனக்கும் தெரியாத ஒரு கோட்டைக் கண்டுபிடித்து மறுபடி பட்டி வைப்பார். பால்சா என்கிற இலேசான கட்டையில் வெட்டிய வால் சிறகுகளை மரத்தின் ரேகை மறையும்வரை தேய்ப்பார். அப்புறம் பெயின்ட், ஏழு பூச்சு. எங்களுக்கெல்லாம், "கண்ணைக் குத்துற ஆரஞ்சு அடிங்கப்பா, அப்பத்தான் கிடைக்கும்" என்று உபதேசம். இந்தக் குளிர்காலத்தில் தன்னுடையதற்கு அவர் அடித்தது, பழுத்த கோதுமைத் தாளின் நிறம். பெட்டியோடு வந்த ஆரஞ்சு பாராசூட் அதற்குப் பொருந்தவில்லை என்று, வெண்ணெய் நிறத்தில் வேறொன்று மாற்றினார்.

அதை அவர் மே மாதக் கூட்டத்துக்குக் காட்சிக்குக் கொண்டுவந்தபோது லூயெல்லாவின் வாய் சும்மா இருக்கவில்லை.

"பறக்காத ராக்கெட்டுக்கு என்ன பேரு தெரியுமா, ஆர்லன்? தூண்."

"ஏம்மா, விட்டா நேரா போகும். எடுத்துட்டு வர எனக்கு ரெண்டு நிமிஷம்."

"அப்ப விடுங்க."

ஜூன் மாதம் அவர் விட்டார். காலை பத்து மணி. அன்றைக்குப் பார்த்து கோதுமை பழுத்து நின்றது. ராத்திரி தூறியிருந்ததால், ஈரம் காய்ந்து இரண்டு மணிக்கு அறுவடை இயந்திரத்தை இறக்குவதாக டுவேன் முதலிலேயே சொல்லியிருந்தான். ராக்கெட் போனது அழகு. அத்தனை பேரும் பேச்சை நிறுத்திப் பார்க்கும்படி போனது. வெண்ணெய் நிறப் பாராசூட் விரிந்து, மிதந்து, முள்மரங்கள் வரிசையாக நிற்கும் பக்கம் இறங்கி, கோதுமைக்குள் கோதுமையாகக் கலந்தது.

"மூணாவது மரத்தடியில," என்றார் ஆர்லன், கண்ணை மூடி, கையை நீட்டி.

அப்போதுதான் ஒரு சிக்கல் முளைத்தது. கோடு பிடித்திருப்பவரே தேடவும் போனால் கோட்டை யார் பிடிப்பது? வயலுக்குச் சொந்தக்காரனும் ஆர்லனின் பள்ளித் தோழனுமான டுவேனை இழுத்துவந்து, தன் காலடித் தடத்திலேயே நிற்க வைத்து, கையைத் தூக்கி, இடது கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஆர்லன் வயலில் இறங்கினார். துணைக்கு லூயெல்லா போனாள்.

பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. ஆர்லன் மூன்றாவது மரத்தைச் சுற்றி, இரண்டிரண்டு வரிசையாக, கிடங்கில் தானியம் சோதிக்கிற அதே பொறுமையோடு விலக்கி விலக்கிப் பார்த்தார். சட்டை முதுகில் ஒட்டியது. ஒன்றே காலுக்கு டுவேன் கத்தினான்.

"யோவ் ஆர்லன், கை மரத்துப் போச்சுய்யா!"

"இறக்கிராதே. இறக்கினா கோடு போயிரும்."

"ரெண்டு மணிக்கு மெஷின் இறங்கணும்யா. கையை இப்படி நீட்டிக்கிட்டா ஓட்டுறது?"

ஆர்லன் குனிந்தபடியே லூயெல்லாவிடம், யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: "அஞ்சு மாசம்மா. இங்கதான் இருக்கு. நான் பார்த்தேன்."

லூயெல்லா மரவரிசைக்கு அப்பால் பார்த்தாள். ரெண்டால பெருக்குங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ராக்கெட் கிடைத்துவிடும். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் பன்னிரண்டு வருடக் காதோடு காதான பேச்சு மொத்தமும் வெளியே வந்துவிடும். சொல்லாவிட்டால் இரண்டு மணிக்கு ஏழு பூச்சும் தவிடாகும். தூண் என்று கிண்டல் செய்து அதைப் பறக்கவிட்டது வேறு யார்?

"கொஞ்சம் ஒதுங்கிட்டு வரேன், ஆர்லன்," என்றாள்.

ஆர்லன் கண்ணியமான மனிதர். சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டு, தரையைப் பார்க்க ஆரம்பித்தார். லூயெல்லா மரவரிசையைத் தாண்டி அந்தப்பக்கக் கோதுமைக்குள் போனாள். ராக்கெட் விட்ட மேடையிலிருந்து மூன்றாவது மரம் வரை முந்நூற்றுப் பத்து அடி வைத்து நடந்திருந்தாள். அதே கோட்டில் இன்னொரு முந்நூற்றுப் பத்து. முந்நூற்று நான்காவது அடியில் காலில் ஏதோ இடறியது. ராக்கெட்தான், படுத்திருந்தது. ஒரு சிறகின் நுனி மட்டும் கொஞ்சம் சிதைந்திருந்தது.

அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு குனிந்தபடி திரும்பி வந்தாள். மரத்தடியில் வைக்க முடியாது, அங்கே ஒவ்வொரு தாளையும் அவர் மூன்று முறை எண்ணிவிட்டார். அண்ணாந்து பார்த்தாள். மேலே அவர் பார்க்கவேயில்லை. முள்ளுக்குள் கையை விட்டு, ஏழு பூச்சில் ஒரு கீறலும் விழாதபடி, பாராசூட் கயிற்றை ஒரு கிளையில் மாட்டினாள். கீறலெல்லாம் கையில் விழுந்தது.

மறுபக்கமாகச் சுற்றிவந்து, "ஆர்லன், சும்மா கேக்குறேன், மேல பார்த்தீங்களா?" என்றாள்.

அவர் நிமிர்ந்தார். பிறகு, ராக்கெட்டைக் கிளையிலிருந்து எடுத்து மார்போடு வைத்துக்கொண்டு சொன்னார்:

"மூணாவது மரம்னு நான் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"மரத்துலயே மாட்டியிருக்கும்னும் மனசுக்குள்ள ஓடுச்சு. சொல்லலை, அவ்வளவுதான்."

மணி ஒன்று ஐம்பது. மேய்ச்சல் நிலத்தில் டுவேன் இன்னும் கையை நீட்டிக்கொண்டுதான் நின்றான், மூன்றாவது மரத்துக்கு நேராக. லூயெல்லாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கத்தில் போய், "எல்லாத்தையும் பார்த்தியா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நான் என்னத்தைப் பார்த்தேன்," என்றான் டுவேன், கையைத் தேய்த்துக்கொண்டு. "ஒரு கண்ணைத்தான் மூடச் சொன்னான். நீ ஒதுங்கப் போறேன்னு சொன்ன உடனே மத்ததையும் மூடிட்டேன்."

அவ்வளவு தூரத்தில் அவள் சொன்னது அவனுக்கு எப்படிக் கேட்டது என்று லூயெல்லா கேட்கவில்லை. இயந்திரம் சரியாக இரண்டு மணிக்கு இறங்கியது.

ஜூலைக் கூட்டத்திலிருந்து ஆர்லனின் விரலுக்கு மவுசு கூடிவிட்டது. "தரையை மட்டும் பார்க்காதீங்கப்பா, மரத்தையும் பாருங்க," என்று கூடுதல் உபதேசம் வேறு. புதிதாகச் சேர்கிறவர்களிடம் லூயெல்லா இப்போது, ரெண்டால பெருக்குங்க, அப்புறம் ஒப்புக்கு ஒருதரம் அண்ணாந்தும் பாருங்க என்று சொல்கிறாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். தொலைந்த சாவியை, "அலமாரி மேலதான் வச்சேன்" என்று நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே விரல் நீட்டிச் சொல்ல, அது அலமாரி மேலேயே கிடைத்ததே, நினைவிருக்கிறதா? நீங்கள் சொன்ன இடத்தில் எல்லாம் எப்போதும் கிடைத்துக்கொண்டே இருக்கிறதா? அப்படியானால் நல்லது. எதற்கும், அதை எடுத்துவந்து உங்களிடம் நீட்டும் கையை ஒருதரம் வெளிச்சத்தில் பாருங்கள். முள் கீறியிருக்கிறதா என்று.