மூக்கண்ணன் நெய்க்கடை வழக்கு

ராசிபுரத்தில் மூக்கண்ணன் மோந்து பார்க்காத பொருளும் கிடையாது, ஆளும் கிடையாது. கையில் ரேஷன் கார்டைக் கொடுத்தால்கூட முதலில் மூக்குக்குக் கொண்டுபோவார், அப்புறம்தான் கண்ணுக்கு. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. நாமக்கல்லில் இருந்து நோட்டீசு கொண்டுவந்த ஆள் அந்தப் பெயரைச் சொல்லித் தெரு முழுக்க விசாரித்தபோது, அப்படி ஒருவர் இங்கே இல்லவே இல்லை என்று எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். மூக்கண்ணனும் சொன்னார். பிறகு கடைக்குள் வந்து கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் அந்த ஆளைத் துரத்திக்கொண்டு ஓடினார்.

அவருடையது நெய்க்கடை. வெண்ணந்தூர், நாமகிரிப்பேட்டைப் பக்கமிருந்து பெண்கள் முதல் பஸ்ஸில் வெண்ணெய் கொண்டுவருவார்கள். மூக்கண்ணன் இடது புறங்கையில் ஒரு சுண்டைக்காய் அளவு தடவி, கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுப்பார். அந்த நேரத்தில் கடையில் யாரும் இருமக்கூடாது. கண்ணைத் திறந்து அவர் சொல்வது பெரும்பாலும் வெண்ணெயைப் பற்றி இருக்காது.

"பாவாயி, நேத்து உங்க ஊட்ல மீன் கொழம்பா?"

பாவாயி வெண்ணந்தூர்க்காரி. மூக்கண்ணனை ஒருநாளாவது ஏமாற்றிவிட வேண்டும் என்பது அவளுடைய பிறவி லட்சியம்.

"இல்லீங்களே."

"மறுக்கா மோந்து பாக்கட்டுமா?"

"எங்க மாமியா வெச்சுதுங்க. ஊட்டுக்கு வெளீலதான் வெச்சுது."

"வெளீல வெச்சது வெண்ணெய்க்குள்ள வந்திருச்சு. வெண்ணெய்ப் போசிய நல்லா மூடி வையி."

பழைய வெண்ணெயைப் புதியதற்கு அடியில் வைப்பது, எருமை வெண்ணெயில் மஞ்சள் சேர்த்துப் பசு வெண்ணெய் என்பது, எல்லா வித்தையும் அந்தப் பெண்கள் காட்டுவார்கள். பணத்துக்காக என்று சொல்ல முடியாது. அவரிடம் பிடிபடுவது அவர்களுக்கு ஒரு விளையாட்டாக இருந்தது. பிடிபட்டவள் சிரித்துக்கொண்டே போவாள், அடுத்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முன்னால் வருவாள்.

ஒருமுறை எங்கள் தெருவில் ஒருவர் தம் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க நாமகிரிப்பேட்டைக்கு இவரையும் கூட்டிக்கொண்டு போனார். மூக்கண்ணன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கினார், தோளில் ஒரு தட்டுத் தட்டினார், திரும்பி வந்துவிட்டார். பஸ்ஸில் தீர்ப்புச் சொன்னார்.

"மாப்ள குடிக்கறதில்லை. அவங்கப்பன் குடிச்சுப்போட்டு மாப்ள துண்டுல வாயத் தொடைக்கறான். குடுக்கலாம்."

கொடுத்தார்கள். அந்தப் பெண் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறாள். துண்டை மட்டும் தனியாகத் துவைக்கிறாளாம்.

நான் அந்தக் கடையில் நெய் உருக்கும் வேலை பார்த்தேன். படிப்பு ஐந்தாவதோடு சரி. யாராவது முகத்தைப் பார்த்து ஒன்று கேட்டால் எனக்குப் பேச்சு தொண்டையில் நின்றுவிடும். வேலை கேட்டுப் போன அன்று அவர் நாலு கேள்வி கேட்டார். நாலுக்கும் தலையை ஆட்டினேன்.

"நல்லதாப் போச்சு அம்மிணி. முன்னால இருந்தவ வெத்தலையப் போட்டுக்கிட்டுப் பேசிக்கிட்டே உருக்குவா. நெய்யில வெத்தலை வாசம். நீ இப்பிடியே இரு."

அப்படியே இருந்தேன், பல வருஷம்.

அவருக்கு இரண்டு கூட்டாளிகள். ஒருவர் சேலம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடமும் பஸ்ஸின் பின்படிக்கட்டில் நிற்பவரிடம் பேசுவது போலத்தான் பேசுவார். இன்னொருவர் எதிர்க்கடை டைலர். மூன்று பேரும் தினமும் சாயங்காலம் கடையில் கூடிச் சண்டை போடுவார்கள். எதற்கு என்று அவர்களுக்கே தெரியாது.

பிறகு கொரோனா வந்தது. மூக்கண்ணன் சேலத்து ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் கிடந்து, இளைத்துப்போய் வந்தார். வந்ததும் கடையைத் திறந்தார். முன்பு போலவே புறங்கையில் தடவினார், கண்ணை மூடினார், இழுத்தார். ஆனால் எல்லோரிடமும் ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"சரி, எடுத்து வையி."

பாவாயி வாடிப்போனாள். என்னிடம் வந்து, "அண்ணனுக்கு என்ர மேல என்னங்கக்கா கோவம்? மூணு நாள் பழைய வெண்ணெயக் கொண்டாந்தேன், ஒண்ணுமே சொல்ல மாட்டீங்கறாரு" என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

ஒருநாள் குழாயில் தண்ணீர் வந்தது என்று குடத்தோடு போய்விட்டேன். திரும்பி வந்தால் தெருமுனையிலேயே கருகல் நாற்றம். வாணலியில் இருந்தது வெண்ணெயா தாரா என்று தெரியவில்லை. எதிர்க்கடையில் இருந்து டைலர் கத்திரிக்கோலோடு ஓடி வருகிறார். அடுப்புக்கு முதுகைக் காட்டி ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து மூக்கண்ணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணா இது, தெருவே கருகுது."

மூக்கண்ணன் திரும்பி வாணலியைப் பார்த்தார். ஒரு நொடிதான்.

"தெரியும். தெரிஞ்சுதான் உட்டிருக்கேன். வாணலியப் பழக்கறேன்."

டைலர் போன பிறகு என்னைக் கூப்பிட்டார். "அம்மிணி, நீ பேச மாட்டே. அதனால உன்ரகிட்டச் சொல்றேன். மூக்கு செத்துப் போச்சு. ஒருத்தருகிட்டயும் சொல்லிராத."

நான் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டியே பழகிப்போனவள்.

அடுத்த மாதம் மோட்டார் சைக்கிளில் புது ஆள் ஒருவன் வந்தான். எந்த ஊர் என்று கேட்டதற்குக் கையை மேற்கே காட்டினான். பெரிய டப்பா நிறைய வெண்ணெய். மூக்கண்ணன் தடவினார், கண்ணை மூடினார், எடுத்து வைக்கச் சொன்னார். நான் உருக்க ஆரம்பித்ததுமே தெரிந்துவிட்டது. அதில் பாதி வனஸ்பதி.

"ஏனுங்க..." என்றேன்.

"என்ன அம்மிணி?"

கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒண்ணுமில்லீங்க."

அந்த நெய்யைத்தான் ஒருவாரம் கழித்து உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் மாதிரிக்கு எடுத்துப்போனார்கள். நாமக்கல்லில் இருந்து அந்த நோட்டீசு வந்தது அதற்குத்தான். கலப்பட நெய் விற்றதாக வழக்கு.

ராசிபுரத்தில் ஒருவர் மேல் வேறு என்ன பழி வந்தாலும் இரண்டு நாளில் மறந்துவிடுவார்கள். நெய்யில் கலப்படம் என்றால் மறக்க மாட்டார்கள். கல்யாண ஆர்டர் எல்லாம் நின்றது. வெண்ணெய்ப் பெண்கள் வேறு கடைக்குப் போனார்கள். நல்ல நெய்யும் டின் டின்னாகத் தேங்கி நின்றது. கூட்டாளிகள் இருவரும் ரோஷப்பட்டு, கடை ஓய்ந்தது போலத் தெரியக்கூடாது என்று ஆளுக்கொரு வேளை வந்து நெய் வாங்கினார்கள். கண்டக்டர் ரசத்துக்கும் நெய் ஊற்றிக்கொண்டார். டைலர் மிஷினுக்கும் நெய் விட்டுப் பார்த்தார், எறும்பு வந்துவிட்டது. கடைசியில் ரத்தம் பரிசோதித்த டாக்டர் டைலரிடம், "நீங்க நெய்ய சாப்பிடறீங்களா, இல்ல அதுலயே குளிக்கறீங்களா?" என்று கேட்டாராம்.

வக்கீல் வழியைச் சொன்னார். "கலந்திருந்தது எனக்குத் தெரியாதுன்னு சொல்லுங்க. அபராதத்தோட போயிரும். தெரிஞ்சே வித்தீங்கன்னு முடிவு பண்ணிட்டா லைசென்சு மொத்தமாப் போயிரும். அப்புறம் கடையே இல்லை."

மூக்கண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. விசாரணைக்குக் கூட்டாளிகள் இருவரும் நானும் கூடப் போனோம். நாமக்கல் பஸ்ஸில் என் முன்சீட்டில் இருந்து திரும்பி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"தெரியாதுன்னு சொன்னா, ஏன் தெரியலன்னு கேப்பாங்க அம்மிணி. மூக்கில்லாதவன்னு தெரிஞ்சா அப்பறம் எவ என்ரகிட்ட நல்ல வெண்ணெய் கொண்டாருவா? ஊரே வனஸ்பதியக் கொண்டாந்து கொட்டும். அதுக்குக் கலப்படக்காரன்னே எழுதிக்கட்டும்."

திருடன் என்ற பெயரை ஏற்றுக்கொள்வார், மூக்கு இல்லாதவர் என்ற பெயரை மாட்டார். இப்படிப்பட்ட ஆளுக்கு எந்தச் சட்டத்தில் வழி இருக்கும்?

விசாரணை நடந்தது ஒரு சின்ன அறையில். நடுவில் மேசை, ஒரு பக்கம் அதிகாரி, சுவரோரம் நாங்கள். வக்கீல் எவ்வளவோ சொன்னார். மூக்கண்ணன் வாயைத் திறக்கவில்லை. பொறுக்க முடியாமல் கண்டக்டர் எழுந்தார். பேசக்கூடாது என்று வக்கீல் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார். கண்டக்டர் வேட்டியை விடுவித்துக்கொண்டார்.

"சார், நாப்பது வருசமா எனக்குத் தெரியும். இவுரு மூக்கு மாதிரி மூக்கு சில்லாவுலயே கெடையாது. ஒரு சொட்டு வனஸ்பதி கலந்தாலும் கண்டுபுடிச்சிருவாருங்க. இவுர எவனும் ஏமாத்த முடியாது."

"அப்படியா?" என்றார் அதிகாரி. பேனாவை எடுத்தார்.

டைலரும் எழுந்துகொண்டார். "மாப்ள ஊட்டுத் துண்டையே கண்டுபுடிச்சவருங்க சார்." அந்தக் கதையை முழுசாகச் சொன்னார்.

அதிகாரி எல்லாவற்றையும் எழுதினார். "அப்போ, கலந்திருக்குன்னு இவருக்குத் தெரியாம இருக்க வாய்ப்பே இல்லை. தெரிஞ்சேதான் வித்திருக்கார்."

கண்டக்டருக்கு வாய் திறந்தபடி நின்றுவிட்டது. அவர் பேச்சு நின்று நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். வக்கீல் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். மூக்கண்ணன் தலையை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெருமைதான் என்று நினைக்கிறேன்.

உண்மை தெரிந்த ஆள் அந்த அறையில் அவரை விட்டால் நான் ஒருத்திதான். எழுந்தேன். அதிகாரி என்னைப் பார்த்தார். "என்னம்மா?" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுபடியும் ஒரு "ஒண்ணுமில்லீங்க" வெளியே வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு தூக்குப்போசியில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்திருந்தேன். முந்தினநாள் வைத்தது. எனக்குப் பேச வராது, ஆகையால் போசியைத் திறந்தேன். பத்தாது என்று மூக்கண்ணன் காலடியில் கொஞ்சம் சாய்த்தும் விட்டேன்.

அந்த அறைக்கு ஜன்னல் ஒன்றுதான், அதையும் பீரோ மறைத்திருந்தது. அதிகாரி கர்ச்சீப்பை எடுத்தார். வக்கீல் அங்கியால் முகத்தை மூடினார். டைலர் கழுத்தில் கிடந்த அளவு நாடாவைச் சுருட்டி மூக்கில் வைத்துக்கொண்டார். வாசலில் நின்ற பியூன் வராண்டாவுக்கே போய்விட்டார். மூக்கண்ணன் மட்டும், பூக்கடையில் உட்கார்ந்திருப்பவர் போல, நிதானமாக மூச்சை இழுத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்தார்.

"ஏனுங்க, எல்லாரும் எதுக்கு மூக்கப் பொத்திக்கறீங்க?"

கண்டக்டர் மூக்கில் இருந்து மெதுவாகக் கையை எடுத்தார். "அடப்பாவி," என்றார், அவருக்கே கேட்காத குரலில். மூக்கண்ணன் கீழே பார்த்தார். காலடியில் குழம்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் போசியை மூடினேன்.

சட்டைப் பையில் இருந்து ஒரு சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். மோப்பம் போய்விட்டது என்று சேலத்து டாக்டர் எழுதிக்கொடுத்தது. இத்தனை நாளும் பையிலேயே வைத்திருந்திருக்கிறார்.

"கொரோனா வந்து போனதுல இருந்து மூக்கு இல்லைங்க," என்றார். "தெரியாமத்தான் வித்தேனுங்க."

லைசென்சு பிழைத்தது. அபராதமும், இரண்டு மாதம் கடை அடைப்பும், இனிமேல் வேறு ஆள் பார்த்துச் சொன்ன பிறகுதான் வெண்ணெய் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் போட்டார்கள். தரையைத் துடைத்துவிட்டுப் போகும்படி எனக்கும் உத்தரவு.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டருக்குப் பேச்சு வந்துவிட்டது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னடா உனக்கு?"

"உன்ரகிட்டச் சொன்னா சேலம் வரைக்கும் கேக்கும்."

அதன் பிறகு மூன்று பேரும் வழக்கம் போல ராசிபுரம் வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். என்னிடம் மட்டும் மூக்கண்ணன் பேசவில்லை. இரண்டு மாதம் பேசவில்லை.

கடை திறந்த அன்று காலையில் அவர் பலகையில் வந்து உட்கார்ந்தார். யார் வரப்போகிறார்கள் என்று தெருவைப் பார்க்காமல் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். செய்தி ஊரெல்லாம் தெரிந்துவிட்டது, கண்டக்டர் இருக்கும்போது தெரியாமல் இருக்குமா? முதல் பஸ் வந்தது. பாவாயி வந்தாள். பின்னால் இன்னும் நாலு பேர்.

பாவாயி போசியை அவர் முன்னால் வைத்தாள். அவர் பழக்கதோஷத்தில் புறங்கையை நீட்டினார், பிறகு மடக்கிக்கொண்டார்.

"அண்ணா, மேல இருக்கறது இன்னைக்கிது," என்றாள் பாவாயி. "அடீல ஒரு கை அளவு முந்தாநேத்து வெண்ணெய். கொஞ்சம் புளிப்புத்தானுங்க. தனியா எடுத்துக்கோங்க."

அடுத்தவள் வந்தாள். "என்னுதுல பாதி எருமைங்க. மஞ்சத்தூள் போடலீங்க."

அதற்கடுத்தவள், "நேத்து எங்க ஊட்ல கோழிக் கொழம்புங்ணா. மூடித்தான் வெச்சேன், இருந்தாலும் சொல்லிப்போடறேன்," என்றாள்.

ஐந்து பேரும் ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டுப் போனார்கள். மூக்கண்ணன் வெண்ணெயைத் தனித்தனியாக எடுத்து வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, உள்ளே பார்க்காமலே, இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக என்னைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, நெய் வாசம் வந்திருச்சா?"

"தெருமொனை வரைக்கும் போயிருச்சுங்க" என்றேன். அடுப்பை நான் இன்னும் பற்ற வைக்கவில்லை. அன்றைக்கு மூக்கண்ணனிடம் பொய் சொன்ன ஒரே ஆள் நான்தான்.