ஈரப் பக்கம் எது?

ஹாலிஃபாக்ஸ்,
வியாழக்கிழமை, வழக்கம்போல் மழை.

அன்புள்ள தம்பி வில்ஃபுக்கு,

அக்கா ஹில்டா எழுதுவது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே கடலோர ஸ்கார்பரோவில் உன் இடுப்பைத் தவிர மற்றதெல்லாம் சுகமாயிருக்கும் என்று நம்புகிறேன். உன் மனைவி பெரிலையும் விசாரித்ததாகச் சொல். என் கல்யாணத்துக்கு அவள் மணப்பெண்ணான என்னை மறைக்கிற அளவில் தொப்பி வைத்துக்கொண்டு வந்ததை நான் எப்போதோ மறந்துவிட்டேன் என்றும் சொல். பச்சைத் தொப்பி. இடது பக்கம் இறகு.

என் மகள் கிளெனிஸ் உனக்கு ஃபோன் போட்டுத் தன் பக்கத்துக் கதையைச் சொல்வதற்குள் நான் முந்திக்கொள்கிறேன். என் குளியல் தொட்டியை உனக்குத் தெரியும். நீயும் என் புருஷன் ஸ்டானும் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனதுதான். பாதிப் படியில் நீ கையை விட்டாய். சுவரில் பள்ளம் இன்னும் இருக்கிறது. ஷவர் தண்ணீர் தரையில் தெறிக்காமலிருக்க, அந்தத் தொட்டியின் விளிம்பில் ஒரு கண்ணாடித் தடுப்பு நிற்கிறது. கண்ணாடியின் அடியில் ரப்பர் பட்டை. அது கிழடாகி வெடித்து, நான் தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொள்ளும்போதெல்லாம் அதன் வழியாக ஒழுகித் தரையில் இறங்கியிருக்கிறது. தரையில் இறங்கியது சமையலறை சீலிங்கில் இறங்கியிருக்கிறது. சீலிங்கில் ஒரு பழுப்புக் கறை வந்தது எனக்குத் தெரியும். மேலே பார்க்காமலிருந்தால் போயிற்று என்று நான்பாட்டுக்கு இருந்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கையில், கிளெனிஸின் புருஷன் ராய்ஸ்டனுடைய தட்டில், சரியாக உருளைக்கிழங்குக்கு நடுவில், சொட்.

"அம்மா, கிரேவில தண்ணி சொட்டுது!"

"சொட்டட்டும். இன்னைக்குக் கொஞ்சம் கெட்டியாதான் போச்சு."

கிளெனிஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கரண்டியைக் கீழே வைத்தால் யாருக்கோ கேடு. "அந்தத் தொட்டிய எடுத்துடலாம்மா. எங்க வீட்டுல செஞ்ச மாதிரி ஷவருக்குக் கண்ணாடிக் கூண்டு ஒண்ணு வச்சிடலாம். உனக்கு உள்ள ஒரு நாற்காலியும் போட்டுடலாம். உக்காந்தே குளிக்கலாம்."

"நாற்காலில உக்காந்து குளிக்க நான் என்ன செத்தா போயிட்டேன்? தொட்டிய எடுக்கிறதுன்னா என்னையும் அதுக்குள்ள படுக்க வச்சு எடுத்துட்டுப் போ."

வில்ஃப், நான் பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுக் கம்பள மில்லுக்குப் போனவள். நாளெல்லாம் நின்று நின்று தேய்ந்த கால்கள் இவை. சாயங்காலம் வெந்நீரில் கழுத்துவரை அமிழ்ந்து, ரேடியோவைப் போட்டு, விரல் நுனி சுருங்கும்வரை கிடப்பேனே, அந்த ஒரு சுகம்தான் எனக்கு மிச்சம். அதையும் பிடுங்கப் பார்த்தாள். இதையெல்லாம் சொன்னேன், அவள் கேட்டால்தானே? ஃபோனை எடுத்து, வெள்ளிக்கிழமை வந்து அளவெடுக்கும்படி கூண்டுக்காரருக்குச் சொல்லிவிட்டாள். கடைசியில் ராய்ஸ்டன்தான், தட்டைத் துடைத்துக்கொண்டே, "வெள்ளிக்குள்ள நான் ஒழுகல நிறுத்திட்டா தொட்டி இருக்கட்டும், என்ன?" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காக அவனுக்கு இன்னொரு துண்டு ஆப்பிள் பை வைத்தேன். அவசரப்பட்டுவிட்டேன்.

ராய்ஸ்டன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். பக்கத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் தப்பைச் சொல்லியே பழகியவன் கையில் ஒரு வேலையைக் கொடுத்தால் என்ன ஆகும்? திங்கட்கிழமை வந்து, கேக்குக்கு வெண்ணெய் பூசுகிற மாதிரி தொட்டி விளிம்பு முழுக்க சிலிக்கான் பசையை அப்பினான். காயும்வரை தொட்டி நிறையத் தண்ணீர் இருக்க வேண்டுமாம், எடைக்குத் தொட்டி இறங்கி நிற்குமாம். அதில் நான் இறங்கக் கூடாதாம். கண்ணெதிரே நிறைந்த தொட்டி, நான் சமையலறை சிங்க்கில் அரைகுறையாகக் கழுவிக்கொள்கிறேன். பசை காய்ந்தது, தண்ணீரைத் திறந்தோம், முன்னைவிட ஜோராக ஒழுகிற்று. "சிக்கல் பட்டைலதான் இருக்கு" என்றான், நான் ஏதோ வேறு இடத்தைச் சொன்ன மாதிரி.

நேற்று புதுப் பட்டை வாங்கி வந்தான். அதில் நீளவாக்கில் நாக்கு மாதிரி ஒரு மடிப்பு இருக்கிறது. மாட்டினான், ஷவரைத் திறந்தான். வில்ஃப், சறுக்குமரத்தில் பிள்ளைகள் இறங்குகிற மாதிரி, தண்ணீர் மொத்தமும் அந்த நாக்கின்மேல் வழுக்கிக்கொண்டு நேராகத் தரைக்கு வந்தது. கீழேயிருந்து கிளெனிஸ், "அம்மா! இங்க சீலிங்ல மழை பெய்யுது!" என்று கத்துகிறாள்.

"பாக்கெட்ல போட்டிருக்கிறபடிதான் செஞ்சேன் ஹில்டா," என்றான்.

"படி கண்ணு, நானும் கேக்கறேன்."

"நாக்கு ஈரப் பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். இதோ, ஈரப் பக்கம்தான் பாக்குது."

"எது ஈரப் பக்கம்?"

"இதென்ன கேள்வி? தரைதான்! என் சாக்ஸப் பாருங்க, பிழியலாம்."

நான் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "ஏம்ப்பா, தண்ணி எங்க இருக்கணும்னு அவன் எழுதியிருக்கான். நீ எங்க இருக்குன்னு பாத்துட்டு மாட்டியிருக்க."

கொஞ்ச நேரம் பட்டையைப் பார்த்தான், கொஞ்ச நேரம் சாக்ஸைப் பார்த்தான். பிறகு, "அப்படின்னா அதத் தெளிவா எழுதியிருக்கணும்" என்றான். நானே பட்டையை உருவி, பாத்திரம் கழுவுகிற சோப்பைத் தடவி, நாக்கு தொட்டிக்கு உள்பக்கம் பார்க்கிற மாதிரி திருப்பிச் செருகினேன்.

"தொறந்தாச்சு கிளெனிஸ்! கீழ சொட்டுதா?"

"இல்ல!"

"நல்லாப் பாரு!"

"இல்லம்மா! கழுத்து வலிக்குது எனக்கு!"

கிளெனிஸுக்கு நம்பிக்கையில்லை. சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்துப் போட்டுவிட்டுப் போனாள். இன்று காலையில் வந்து தடவிப் பார்த்தாள். சருகு மாதிரிக் காய்ந்திருந்தது. கூண்டுக்காரருக்கு ஃபோன் போட்டு, வரவேண்டாம் என்றாள். இன்று மாலை முழுக்க நான் தொட்டியில்தான் கிடந்தேன். ராணிக்கும் கிடைக்காது அந்தச் சுகம்.

ராய்ஸ்டனிடம் இதைப் பற்றி இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன். கிறிஸ்துமஸுக்கும், அவன் பிறந்தநாளுக்கும், ஆண்டவன் எனக்கு ஆயுள் கொடுத்தால் அவன் சவ அடக்கத்திலும் மட்டும் சொல்வேன்.

கடல் காற்றில் மார்பைத் திறந்து போட்டுக்கொண்டு அலையாதே. கம்பளிச் சட்டை போட்டுக்கொள். நீயும் உன் வீட்டாரும் ஒரு குறையுமில்லாமல் நன்றாயிருங்கள், பெரிலும்தான்.

மறக்காத உன் அக்கா,
ஹில்டா

பி.கு.: தபால்தலை கிடைக்காமல் இந்தக் கடிதம் ஒரு வாரம் ரேடியோமேல் கிடந்தது. அதற்குள் கிளெனிஸ், "ஒழுகுதான்னு நானே ஒரு தடவ உக்காந்து பாத்துடறேன்மா" என்று தொட்டியில் இறங்கினாள். வெந்நீர் தீரும்வரை எழுந்திருக்கவில்லை. இப்போது தினமும் சாயங்காலம் சொந்தத் துண்டோடு வருகிறாள். அவளுக்குப் பிறகு ராய்ஸ்டன். முறைக்காகப் படியில் உட்கார்ந்து காத்திருக்கிறான். என் வீட்டுத் தொட்டியில் எனக்கு இடமில்லை. ஆகவே இன்று காலை கூண்டுக்காரருக்கு நானே ஃபோன் போட்டு, எனக்குக் கீழ்த்தளத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு வைக்கச் சொல்லிவிட்டேன். அவர் கடையில் போய் உட்கார்ந்தும் பார்த்தேன். நாற்காலி வெகு சுகம். இந்த நாற்காலி சங்கதியைக் கிளெனிஸிடம் மட்டும் சொல்லிவிடாதே.