பவுடரில் பிறந்த பறக்கும் தட்டுகள்

அறிவைக் காட்டிக்கொள்ளக் கூடாத இடங்கள் என்று சில உண்டு. போலீஸ் ஸ்டேஷன், பல் டாக்டரின் நாற்காலி, அப்புறம் பெண் பார்க்கப் போன வீட்டின் ஹால். முதல் இரண்டு இடங்களிலும் நான் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருக்கிறேன்.

கடலூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளராகச் சேர்ந்த புதிது. யாராவது வாயைத் திறந்து ஒரு சந்தேகம் கேட்டுவிட்டால் போதும், எனக்குக் கை பரபரக்கும். (கேட்காவிட்டாலும் பரபரக்கும். அதுதான் வியாதியே.) ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்த கையோடு அப்பா, அம்மா, நான் மூவரும் நெல்லிக்குப்பத்திலிருந்து நெய்வேலி டவுன்ஷிப்புக்குக் கிளம்பினோம். பெண்ணின் பெயர் ஜெனிட்டா. போட்டோவில் பார்த்ததோடு சரி. போட்டோவிலேயே எனக்குப் பிடித்துப் போயிருந்தது என்பதால் புதுச் சட்டை போட்டிருந்தேன்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்று அம்மா பஸ்ஸில் வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஜெனிட்டாவின் அப்பா ஞானப்பிரகாசம், பக்கத்திலிருக்கும் வடக்குத்து ஊர்க்காரர். நிலக்கரி மைன்ஸில் வேலை. அன்றைக்கு ஷிப்டை மாற்றிக்கொண்டு, மீசைக்குப் புதுசாக மை பூசிக்கொண்டு, குவார்ட்டர்ஸ் வாசலிலேயே நின்றிருந்தார். கேசரி வந்தது. பஜ்ஜி வந்தது. எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"தம்பி பிசிக்ஸுங்களா?" என்றார். "அப்ப உங்களுக்குத்தாங்க இத காட்டணும்."

டிவியில் ஒரு வீடியோவைப் போட்டார். விண்வெளி நிலையத்திலிருந்து எடுத்தது. கீழே நீலமாய்ப் பூமி, மேலே கும்மிருட்டு. இருட்டில் வெள்ளையாய் ஒரு வட்டம் மிதந்து வந்தது; சட்டென்று திரும்பி விருட்டென ஓடி மறைந்தது. ஞானப்பிரகாசம் எங்களைப் பெருமையோடு பார்த்தார். ஏதோ அவர் வளர்க்கிற பிராணியைப் போல.

"எந்த ராக்கெட்டாவது இப்பிடித் திரும்புமா? சொல்லுங்க. பறக்கும் தட்டுங்க அது. நான் ராவும் பகலும் பாத்துக்கினு இருக்கறன், ஒருத்தனும் நம்ப மாட்டேங்கறான்."

நான் "அப்படிங்களா" என்று சொல்லியிருக்கலாம். பஜ்ஜியை மென்றுகொண்டே தலையாட்டியிருக்கலாம்.

"ஐஸ் துணுக்கு சார்" என்றேன்.

உள்ளே இருந்து ஜெனிட்டாவின் அம்மா எட்டிப் பார்த்து, "ஐஸ் வேணுங்களா தம்பி? ஃப்ரிட்ஜ்ல இருக்குது" என்றார்.

நான் நிறுத்தவில்லை. காமிராவுக்கு ரொம்பப் பக்கத்தில் மிதக்கும் துணுக்கு, வெயில் பட்டு, ஃபோகஸ் இல்லாமல் பெரிய தட்டு மாதிரித் தெரிகிறது. விண்கலம் திசை மாற்ற வாயுவைப் பீய்ச்சினால் அந்த வாயு பட்டுத் துணுக்கும் திரும்புகிறது என்றேன். அவர் அடுத்த வீடியோவைப் போட்டார். வரிசையாக நீல விளக்குகள். "உள்ளே எரியிற லைட்டு ஜன்னல் கண்ணாடியில தெரியுது சார்." அடுத்தது. தட்டு தெரிந்ததும் படம் நின்றுபோனது. "பாருங்க, வெளிய தெரியக் கூடாதுன்னு மறைச்சிட்டானுங்க!" "சிக்னல் போயிடுச்சு சார். மழை பெய்தா நம்ம வீட்டு டிவியில போகலையா?"

ஒவ்வொரு பதிலுக்கும் அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடியது. அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் அவர் மெல்லக் கேட்டார். "வாயால சொல்றது சுலபங்க. காட்ட முடியுமா?"

விரிவுரையாளரிடம் கேட்கவே கூடாத கேள்வி. எழுந்துவிட்டேன்.

ஜன்னல்களைச் சாத்தச் சொன்னேன். விண்வெளிக்கு ஒரு கறுப்புக் குடை. அதை விரித்துப் பிடிக்க என் அப்பா. (பாவம், சம்பந்தம் பேச வந்த மனிதர்.) வாயு பீய்ச்ச டேபிள் ஃபேன். "ஐஸுக்குப் பதிலா பவுடர் கிடைக்குமா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டேன். ஒரு கை டப்பாவை நீட்டியது. வாங்கிக்கொண்டேன். என்ன பிராண்டு, மூடி எப்படித் திறக்கிறது என்றெல்லாம் பார்த்தேன். கையை நீட்டியவளைப் பார்க்கவில்லை.

"நான் வீடியோ எடுக்கட்டுமா?" என்றது ஒரு குரல்.

"எடுங்க. டார்ச் ஆன்ல இருக்கணும். கை ஆடக் கூடாது" என்று லேப் மாணவியிடம் சொல்வது போலச் சொன்னேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

குடைக்கு முன்னால் பவுடரைத் தட்டினேன். துகள்கள் அழகாக மிதந்தன. "இப்ப பாருங்க!" என்று ஃபேனைப் போட்டேன். அவசரத்தில் முழு வேகத்தில் போட்டுவிட்டேன். டப்பாவையும் மூட மறந்திருந்தேன்.

குடை அப்பாவின் கையிலேயே பின்பக்கமாக மலர்ந்து காபித் தட்டைத் தள்ளியது. கேசரி வெள்ளையானது. ஜெனிட்டாவின் அம்மா தும்ம ஆரம்பித்தார். புகை மெல்ல அடங்கியபோது சோபாவில் ஞானப்பிரகாசம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அத்தனை பாடுபட்டுக் கறுப்பாக்கிய மீசை, அவர் அப்பாவுடைய மீசை போல வெளுத்திருந்தது.

"முடிஞ்சுதுங்களா?" என்றார்.

அப்போதுதான் ஜெனிட்டா சிரித்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். அப்போதுதான் நானும் அவளைப் பார்த்தேன். போட்டோ அவளுக்கு நியாயமே செய்திருக்கவில்லை. சிரித்தபடியே போனை அப்பாவிடம் நீட்டினாள். "அப்பா, வந்திருக்குது பாருங்க."

கும்மிருட்டில் வெள்ளைத் தட்டுகள் கூட்டமாய் மிதந்தன. ஒரே நேரத்தில் சட்டென்று திரும்பிப் பறந்தன. அவர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். "நீங்க சொன்னது சரிதான் தம்பி" என்பார் என்று காத்திருந்தேன்.

"யம்மா, இது அதவிட சூப்பரா இருக்குதே! எனக்கு அனுப்பு" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். அப்பா மட்டும், "குடை அவங்களுதா நம்மளுதா?" என்று ஒருமுறை கேட்டார். அந்த வாரம் முழுக்கப் பெண் வீட்டிலிருந்து பதில் வரவில்லை. போன் அடித்தால் அம்மாவுக்கு முன்னால் நான் ஓடினேன். சட்டைக் காலரில் ஒட்டியிருந்த பவுடர் வாசனைகூட என்னைத் திட்டுவது போல இருந்தது.

அப்புறம் எங்கள் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. திகில் இசையோடு. 'விண்வெளி நிலையத்தைச் சூழ்ந்த வேற்றுக்கிரகப் படை! அழிப்பதற்குள் பாருங்கள்!' ஓரத்தில் என் அப்பாவின் கட்டைவிரல் தெரிந்தது.

பதறிப்போய் ஞானப்பிரகாசத்துக்குப் போன் செய்தேன்.

"நான் ஒண்ணும் பொய் எழுதலீங்க தம்பி. ஷிப்ட் குரூப்புல 'பாருங்க'ன்னு மட்டுந்தான் போட்டன். மீதிய எவனோ சேத்திருக்கறான்" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "புதுசா இன்னொண்ணு வந்திருக்குது. ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வந்து இன்னான்னு பாத்துச் சொல்றீங்களா? ஜெனிட்டாதான் கூப்புடச் சொல்லுச்சு" என்றார்.

எங்கள் கல்யாணம் நிச்சயமானது இப்படித்தான்.

இப்போது மாமனார் ஓய்வு பெற்று மந்தாரக்குப்பத்தில் இருக்கிறார். குரூப்பில் யார் எந்தப் பறக்கும் தட்டைப் போட்டாலும் முதல் ஆளாகப் பாய்ந்து, "அது ஐஸ் துணுக்குங்க", "கண்ணாடியில லைட்டுங்க" என்று விளக்கம் எழுதுகிறார். எனக்கே பெருமையாக இருக்கிறது. எங்கள் வீடியோ மட்டும் வருஷத்துக்கு ஒரு முறையாவது புதுத் தலைப்போடு சுற்றி வந்துவிடும். போன கிறிஸ்துமஸுக்கும் வந்தது. சாப்பாட்டு மேசையைச் சுற்றி எல்லாரும் சிரிக்க, அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"மத்ததெல்லாம் டூப்புங்க மாப்ள. இது ஒண்ணுதான் நெசம்" என்றார் அழுத்தம் திருத்தமாக. "எங்க வூட்டு ஹால்ல நானே கண்ணால பாத்தன்."