மாத்திரைக்குள் ஒரு மேடு

என்னை அறிவாளி என்று யாராவது நம்பினால் மறுத்துப் பேசும் பழக்கம் எனக்குக் கிடையாது. அதற்கான தண்டனையை எண்பதுகளில், சென்னையில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோதே அனுபவித்துவிட்டேன்.

சில மருந்துகளின் மூலக்கூறில் ஃப்ளோரின் அணு உண்டு. மாத்திரைத் தூளைச் சின்னக் குழாயில் அடைத்து, பெரிய காந்தத்துக்குள் பம்பரமாய்ச் சுழலவிட்டு, ரேடியோ அலையால் தட்டினால், அந்த ஃப்ளோரின் தன் அக்கம்பக்கத்தைக் காகிதத்தில் கோடாகக் காட்டிக்கொடுக்கும். (புரியாவிட்டால் கவலை வேண்டாம். அப்போது எனக்கும் பாதிதான் புரிந்திருந்தது.)

ஒருநாள் அந்தக் கோட்டில், வரவேண்டிய கூர்முனைக்குப் பக்கத்தில் அகலமாக ஒரு மேடு. எந்தப் புத்தகத்திலும் இல்லாத மேடு! பேராசிரியர் வெளியூர் போயிருந்தார். அவர் வரும்வரை பொறுக்காமல், "மருந்துக்குள் யாரும் பார்க்காததைப் பார்த்துவிட்டேன்" என்று உத்திரமேரூருக்கு, அப்பாவுக்கு, கடிதம் போட்டேன். அவர் அதை பஸ் ஸ்டாண்டு வரை, எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினார். அடுத்த ஞாயிறே நான் படித்த பள்ளியில் பாராட்டுக் கூட்டம்.

மாலையைக் கழற்றாமலே முக்கால் மணி நேரம் பேசினேன். கடைசியில் என் பழைய கெமிஸ்ட்ரி வாத்தியார் எழுந்தார்.

"மருந்து போடாம, வெறுங் குழாய வச்சு ஒரு தபா பாத்தியாப்பா?"

"அதெல்லாம் ஸ்கூல் பசங்க செய்யறது சார்" என்றேன். கூட்டம் கை தட்டியது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

திங்கட்கிழமை, யாருக்கும் தெரியாமல் வெறுங் குழாயைச் சுற்றவிட்டேன். மருந்து இல்லை, மேடு மட்டும் அதே இடத்தில், அசையாமல் நின்றது. குழாயின் மூடி டெஃப்ளான். அது ஃப்ளோரின் மூட்டை.

ஊருக்குப் போய் ஒப்புக்கொண்டேன். அப்பா வயலில் மெக்கானிக்கை வைத்து பம்புசெட்டைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்.

"டெஃப்ளான்னா இன்னாடா?"

நான் வாய் திறக்குமுன் மெக்கானிக், பைப் ஜாயின்ட்டில் சுற்றும் வெள்ளை டேப்பைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். "இத்தாங்க. கடைலயே கீது."

அப்பா டேப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கடைல விக்கிறதுக்காடா மாலை போட்டுக்கினே?"

சாயங்காலம் வாத்தியார் வீட்டுக்குப் போனேன். மன்னிப்பை ஆரம்பிக்குமுன், "மொதல்ல காபி சாப்புடு" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பிறகு வேறு மூடி போட்டு, பட்டமும் வாங்கி, ஓய்வும் பெற்றுவிட்டேன். ஆனாலும் எங்கள் வீட்டில் குழாய் ஒழுகினால் பிளம்பர் வருவதில்லை. எங்கள் பக்கத்துக் கூரம் கிராமத்துக்காரியான என் மனைவி ஸ்பேனரை என் கையில் திணித்துவிட்டு, வந்த விருந்தாளிகளிடம் சொல்வாள்:

"டேப்ப கண்டுபுட்ச்சவரே வூட்ல கீறாரு. வேற ஆளு எதுக்கு?"