தராசில் ஏறிய பை

வாளியில் ஊறிய டயப்பர்கள் தலையணை அளவுக்கு உப்பிவிட்டன. பேராசிரியர் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அலசினா எடை குறையும்னு சொன்னீங்களே, குறைஞ்சுதா?" என்றார் மனைவி.

"உள்ள ஏதோ மாவு வச்சிருக்கான்டி. தண்ணியை எல்லாம் குடிச்சிடுச்சு."

"தண்ணியை உறிஞ்சத்தானேங்க டயப்பரு? இதுக்கு டாக்டர் பட்டம் வேறயா?"

பட்டம் இதற்காக வாங்கியதல்ல. அவர் அந்த இறையியல் கல்லூரியில் படைப்பைப் பற்றிப் பாடம் நடத்துபவர். "கடவுள் நம்மளைத் தோட்டத்துக்கு முதலாளியா வைக்கலை, தோட்டக்காரனாத்தான் வச்சாரு" என்று வகுப்பில் சொல்வதோடு நிற்காமல், ஒருநாள் சிற்றாலயத்தில் பீடத்துக்கு முன்னால் ஒரு தராசைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். வாராவாரம் பாட்டு முடிந்ததும் வளாகத்து வீடுகள் எல்லாம் தங்கள் குப்பையை எடுத்துவந்து சபைக்கு முன்னால் நிறுக்க வேண்டும். மக்குகிற குப்பை உரக்குழிக்குப் போய்விடும். மக்காதது மட்டும் தராசுக்கு வரும். முள் அசையாத வீட்டுக்கு மணி அடிப்பார்கள்.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு மற்றவர்கள் முன்னால் பிளாஸ்டிக் உறையோடு நிற்க வெட்கப்பட்டுத் துணிப்பை தூக்க ஆரம்பித்தார்கள். விடுதிக்குப் பின்னால் நாறிக்கொண்டிருந்த குப்பைமேட்டில் இப்போது கத்தரியும் வெண்டையும் காய்க்கின்றன. சமையலறை அடுப்பு அதே சமையலறைக் கழிவிலிருந்து வரும் வாயுவில் எரிகிறது. பேராசிரியர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வேலை இருக்கிறதோ இல்லையோ, இடுப்பில் கைவைத்துக் கொஞ்சநேரம் நிற்பார். நின்றால் என்ன தப்பு? அவர் பாடுபட்டது.

அவர் வீட்டுக்கு மணி அடிக்காத வாரமே கிடையாது. இன்று மாலை ஆராதனைக்குப் பேராயரே வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் எல்லாச் சபைகளிலும் தராசு வைக்கச் சொல்லப்போகிறார் என்று பேச்சு.

இந்த நேரம் பார்த்துத்தான் மகள் கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள். வந்து ஒரு வாரமாகிறது.

"நான் உனக்கெல்லாம் துணிதான் கட்டினேன்" என்று அம்மா மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"கட்டலாம்மா. தோய்க்கிறது யாரு, அப்பாவா?"

"ஏன், நான் தோய்க்க மாட்டேனா?" என்று பேராசிரியர் வீரமாக எழுந்தார். ஒருநாள் காலை தோய்த்தார். அன்று மத்தியானமே அவரே கடைக்குப் போய்ப் பெரிய பாக்கெட்டாக வாங்கிவந்துவிட்டார்.

இப்போது அதன் பலன் வாளியில் உப்பிக் கிடந்தது.

"வெயில்ல போட்டா காஞ்சிடும்" என்று வாளியை மாடிக்குத் தூக்கினார். கைப்பிடிச் சுவர் முழுக்க வரிசையாக வைத்தார். கொக்குக் கூட்டம் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

கீழே கிரேக்கம் நடத்தும் ஆசிரியர் அண்ணாந்து பார்த்தார். எதிர்வீட்டுக்காரர். இந்தத் தராசெல்லாம் வெறும் நாடகம் என்று முதல்நாளிலிருந்து சொல்லிவருபவர்.

"என்ன சார், வெள்ளைக்கொடி காட்டறீங்க? சரண்டரா?"

"தலையணை உறை சார், தலையணை உறை!"

"உங்க வீட்ல எல்லாருக்கும் ரொம்பச் சின்னத் தலை போலிருக்கே!"

அவர் சிரித்துக்கொண்டே போனார். பேராசிரியர் அத்தனையையும் ஒரு துணிப்பைக்குள் திணித்தார். கல்லூரி முத்திரை பதித்த பச்சைப் பை. வளாகத்தில் எல்லா வீட்டிலும் இருக்கிறது. பேராயர் வீட்டுக்கும் அவரே பெருமையோடு ஒரு கட்டு அனுப்பியிருக்கிறார்.

"பேசாம தராசுல வச்சு நிறுத்துடுங்க. முள்ளு அசைஞ்சா என்ன, உலகமா முடிஞ்சிடும்?" என்றார் மனைவி.

"ஆரம்பிச்சவன் வீட்லயே இந்த லட்சணம்னா, நாளைக்கு எவன்டி தராசுகிட்ட வருவான்? கிரேக்கத்துக்காரர் சும்மா விடுவாரா? எல்லாம் மறுபடி குப்பைமேடு ஆயிடும்."

இதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிட்டது.

உரக்குழியின் ஓரமாகப் பையைப் புதைத்தார். கையைத் தட்டிக்கொண்டு திரும்பினால், வளாகத்து நாய் தோண்டி எடுத்துவிட்டது. ஒரு டயப்பரை வாயில் கவ்விக்கொண்டு பிரதான பாதையில் ராஜநடை போட்டது. பேராசிரியர் பையையும் தூக்கிக்கொண்டு ஓடிப்போய், அதைப் பிடுங்கி உள்ளே போட்டு நிமிர்ந்தபோது, எதிரே பேராயரின் கார் வந்து நின்றது.

பை முதுகுக்குப் பின்னால் போனது.

"மூச்சு வாங்குதே, என்ன ஓட்டமா?" என்றபடி பேராயர் இறங்கினார்.

"தினமும் ஓடுவேங்கய்யா. உடம்புக்கு நல்லது."

"நல்ல பழக்கம். நான் தாத்தா ஆயிட்டேன், தெரியுமில்ல? பேத்தி நம்ம வீட்லதான் இருக்கா."

"ரொம்ப சந்தோஷங்கய்யா."

பேராயர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "ஆமா, கைக்குழந்தைங்க இருக்கிற வீட்ல... அந்த... அதையெல்லாம் இங்க என்ன பண்றீங்க?"

பேராசிரியருக்கு வியர்த்துவிட்டது. மோப்பம் பிடித்துவிட்டாரா?

"துணிதாங்கய்யா. எல்லாரும் துணிதான் கட்டறாங்க."

"துணியா..." என்று பேராயர் ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு கல்லூரி முதல்வர் வந்து அவரைத் தோட்டம் பார்க்க அழைத்துப்போனார்.

காரின் டிக்கி திறந்திருந்தது. உள்ளே அதே பச்சைப் பைகளில் மரக்கன்றுகள். டிரைவர் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். ஆராதனை முடியும்வரை இங்கே இருக்கட்டும், அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று தன் பையையும் கன்றுகளுக்கு நடுவில் செருகிவிட்டுப் பேராசிரியர் நல்லபிள்ளையாக ஆலயத்துக்கு நடந்தார்.

பாட்டு முடிந்தது. வீடு வீடாக நிறுத்தார்கள். பேராசிரியர் வீட்டின் முறை வந்தபோது முள் அசையவில்லை. மணி அடித்தது, எல்லோரும் கைதட்டினார்கள்.

"பேராயர் ஐயாவும் வெறுங்கையோட வரலை!" என்றார் முதல்வர். மாணவர்கள் டிக்கியில் இருந்த பைகளை எல்லாம் தூக்கிவந்து பீடத்துக்கு முன்னால் வைத்தார்கள். ஒவ்வொரு பையிலிருந்தும் ஒரு கன்றாக வெளியே வந்தது. கடைசிப் பையைக் கிரேக்க ஆசிரியர் திறந்தார்.

திறந்தவர் அப்படியே நின்றார். பிறகு ஒரு டயப்பரை இரண்டு விரலால் மெல்லத் தூக்கினார்.

பேராசிரியரின் மனைவி கண்ணை மூடிக்கொண்டார். ஒளித்தது போதும் என்று பேராசிரியர் முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தார்.

அதற்குள் பேராயர் எழுந்துவிட்டார்.

"அது என்னுது" என்றார். முகம் வெளுத்திருந்தது. "என் பேத்தியோடது. ஊர் ஊரா சுத்தத்தைப் பத்திப் பேசறவன் வீட்டுக் குப்பை. மறைச்சுக் கொண்டுபோகலாம்னு பார்த்தேன். உங்க தராசு முன்னால மறைக்க முடியலை. தூக்கி வைங்க சார், நிறுங்க."

நிறுத்தார்கள். முள் கடைசிவரை ஓடியது.

"இந்தத் தராசு எல்லாச் சபைக்கும் போகும். முதல்ல என் வீட்டுக்குப் போகும்" என்றார் பேராயர்.

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கிரேக்க ஆசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து பேராசிரியரின் கையைப் பிடித்தார். "நாடகம்னு சொன்னேன் சார். மன்னிச்சுடுங்க. ஒரு மனுஷனை இப்படிப் பேச வைக்குதுன்னா, இது சாதாரணத் தராசு இல்லை."

பேராசிரியரின் நெஞ்சு விம்மியது. ஒரு பக்கம் வெட்கம், மறுபக்கம் சொல்லமுடியாத பெருமை. என்ன மனிதர்! முதுகுக்குப் பின்னால் பை இருந்ததைப் பார்த்திருக்கிறார். என் மானத்தைக் காப்பாற்ற, பாவம், அந்தப் பச்சைக்குழந்தை மேலேயே பழியைத் தூக்கிப் போட்டுவிட்டார்! இப்படி ஒரு தலைவர் கிடைக்க நாம் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

"நான் போய் உண்மையைச் சொல்லிடறேன்" என்றார் மனைவியிடம்.

"போங்க, முதல்ல அதைச் செய்யுங்க."

கார் கிளம்பும் நேரம். ஓடிப்போய்ப் பேராயரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, உங்க பெரிய மனசு எனக்கு வராது. நான் செஞ்ச தப்பை நீங்க..."

பேராயர் ஒன்றும் புரியாமல் விழித்தார். அதற்குள் டிரைவர் முன்சீட்டுக்கு அடியில் கைவிட்டு ஒரு பச்சைப் பையை இழுத்துக் காட்டினார்.

"ஐயா, நம்ம பையை வழியில போட இடமே கிடைக்கலையே, அதனால நீங்க சொன்ன மாதிரி யார் கண்ணுலயும் படாம இருக்கட்டும்னு நானே டிக்கியிலேர்ந்து எடுத்துச் சீட்டுக்கு அடியில வச்சிட்டேன். அங்க நிறுத்தது யாரோடதுங்கய்யா?"